எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஓர் அழகு

பொறியியல் கல்லூரியில் இமேஜ் பிராசஸிங் (கணினியில் படங்களைக் கையாளும் பாடம்) படித்த பலருக்கும் அந்த முகம் தெரியும். இறகு செருகிய தொப்பி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பார்வை, பக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடி. 512-க்கு 512 பிக்சல். ‘லென்னா’ என்பார்கள். படத்தைச் சுருக்குவதற்கும் இரைச்சலை வடிகட்டுவதற்கும் விளிம்பைக் கண்டுபிடிப்பதற்கும் எழுதிய நிரல்களை இந்த முகத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது பல பத்தாண்டுகளாக வழக்கமாக இருந்தது. அந்த முகம் 1972 நவம்பர் மாத ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கத்திலிருந்து வந்தது. 1973-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சாவ்சுக்கும் உடனிருந்தவர்களும் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு மனித முகம் உள்ள பளபளப்பான படம் தேடியபோது கைக்குக் கிடைத்தது அந்த இதழ். அவர்களிடம் இருந்த முயர்ஹெட் ஸ்கேனர் அங்குலத்துக்கு 100 கோடு வீதம் படிக்கும். தேவைப்பட்டது 512 கோடு. ஆகவே மேலிருந்து 5.12 அங்குலம் மட்டும் படித்தார்கள். படம் தோளோடு நின்றதற்குக் காரணம் கூச்சமல்ல, இந்தக் கணக்கு.

படத்தில் இருப்பவர் லீனா சோடர்பெர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண். எடுத்தவர் டுவைட் ஹூக்கர். அந்த இதழ் 71,61,561 பிரதிகள் விற்றது. பிளேபாயின் வரலாற்றில் அதுவே உச்சம். எழுபதுகளில் ஆண்களுக்கான இதழ்கள் பெண்ணின் உருவத்தை எப்படி மாற்றின என்று பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஐம்பதுகளின் பொம்மை உருவம் இதில் இல்லை. எழுபதுகளின் கடைசியில் வந்த வெயிலில் பழுத்த கடற்கரைப் பெண்ணும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது இந்தப் படம்.

ரசனை மாறியது, பெண்ணியம் வந்தது, ஹிப்பிகள் வந்தார்கள் என்று சொல்லி இந்த மாற்றத்தைக் கடந்துவிடுபவர்கள் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் கேமராவின் அளவையும் ஃபிலிமின் வேகத்தையும் விளக்கின் பலத்தையும் கணக்கில் எடுக்காமல் அந்த உடல்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பெண் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அவள் அப்படி நிற்பதற்குப் பாதிக் காரணம் லென்ஸில் இருக்கிறது.

முதலில் பழைய முறை. பிளேபாயின் நடுப்பக்கம் மூன்றாக மடிந்த தாள். விரித்தால் ஏறத்தாழ 24 அங்குல நீளம். இதற்கு எட்டுக்குப் பத்து அங்குல ஷீட் ஃபிலிமில், அதாவது தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமில், படம் எடுத்தார்கள். மரச்சட்டமும் தோல்துருத்தியும் கொண்ட பெரிய கேமரா. பத்து அங்குலத்தை 24 அங்குலமாக்க இரண்டரை மடங்குகூடப் பெருக்க வேண்டியதில்லை. அதனால்தான் தோலின் மேல் அப்படியொரு வழவழப்பு. 35 மி.மீ. ஃபிலிமை அதே அளவுக்குக் கொண்டுபோக 17 மடங்கு பெருக்க வேண்டும். ஃபிலிமின் துகள்கள் மணிமணியாகத் தெறித்துவிடும்.

இந்த வழவழப்புக்கு ஒரு விலை இருந்தது. முழு உருவம் பத்து அங்குலத்தில் விழ வேண்டுமானால் ஃபிலிமில் உருவம் உண்மை அளவில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்காக இருக்கும். லென்ஸின் துளையை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். அந்த அளவில் துளையை எஃப் 11-இல் வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு சாண். மூக்கு கூர்மையாக இருந்தால் பின்தோள் கலங்கிவிடும். எஃப் 32 வரை மூடினால்தான் அரை மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். அன்றைய எக்டாக்ரோம் என்ற சிலைடு வகை ஷீட் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. 50. சன்னல் ஓரத்தில் விழும் மிதமான பகல் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். எஃப் 32-இல் நான்கு நொடி வேண்டும். துருத்தி நீண்டதால் ஒளி குறைவதையும் சேர்த்தால் ஐந்து நொடிக்கு மேல். நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிமே மந்தமாகும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஐந்து நொடி மூச்சை அடக்கலாம்; இமையையும் உதட்டையும் அடக்க முடியாது.

ஆகவே பெரிய ஃபிளாஷ் விளக்குகள். ஒரே வெடிப்பில் ஒளி போதாவிட்டால் அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, இரண்டு தடவை அடிப்பார்கள். ஒளி இரட்டிப்பாகும்; இதை ஒரு ஸ்டாப் என்பார்கள். நான்கு தடவை அடித்தால் இரண்டு ஸ்டாப். நடுவில் தலை ஒரு மயிரிழை அசைந்தால் கண்ணிமை இரட்டையாகத் தெரியும். இதற்கு முன் கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துக் கூர்மை வைக்க வேண்டும், லென்ஸை மூட வேண்டும், ஃபிலிம் பெட்டியைச் செருக வேண்டும், தடுப்புத் தகட்டை உருவ வேண்டும். கூர்மை வைத்ததற்கும் படம் எடுப்பதற்கும் இடையில் இருபது நொடியாவது ஓடிவிடும். அந்த நேரத்தில் அந்தப் பெண் முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் நகரக்கூடாது. சாய்ந்துகொள்ள ஏதாவது இருந்தால்தான் இது நடக்கும். மெத்தை, கம்பளம், கதவு நிலை, மாடிப்படிக் கைப்பிடி. அறுபதுகளின் படங்களில் எல்லோரும் எதிலாவது சாய்ந்திருப்பதையும், சிரிப்பு உறைந்திருப்பதையும் பார்த்து அதை அந்தக் காலத்துப் பெண்மை என்கிறோம். அதில் பெரும்பங்கு அசையாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

பிறகு ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி. சிலைடின் மேலேயே சாயம் தடவித் திருத்துவது ஒரு வழி. கவனமான வழி, மூன்று நிறப் பிரிவுகளாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயம் ஏற்றும் டை டிரான்ஸ்ஃபர் பிரதி எடுத்து, அதன்மேல் வேலை செய்வது. திருத்த வேண்டாத இடத்தை ஒட்டுத்தாளால் மூடி, ஓரத்தைக் கத்தியால் வெட்டி, மெல்லிய சாரலாக வண்ணம் தெளிப்பார்கள். ஒட்டுத்தாளின் ஓரம் அழுந்தி நின்றால் வெட்டினாற்போல ஒரு கோடு விழும். சற்றுத் தூக்கி வைத்தால் ஓரம் இயல்பாகக் கரையும். கைமீறிப் போவது எங்கே என்றால், மயிர்க்கால் மறைந்த தோல் பிளாஸ்டிக் ஆகும் இடத்தில். திருத்திய வயிறும் திருத்தாத கையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு வேறு மனிதர்களுடையவை போலத் தெரியும். அதை மறைக்கக் கையையும் திருத்துவார்கள், பிறகு கழுத்தை. உடம்பு முழுவதும் பொம்மையாவது இப்படித்தான்.

இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்தவர் பாப் குச்சியோன். ஓவியராக முயன்றவர். 1965-இல் லண்டனில் ‘பென்ட்ஹவுஸ்’ இதழைத் தொடங்கினார். 1969-இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் புகைப்படக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் படங்களைத் தானே எடுத்தார். பெண் கேமராவைப் பார்க்கவே மாட்டாள், தன்பாட்டில் இருப்பாள், பார்க்கிறவன் ஒளிந்து பார்ப்பவன் ஆகிவிடுவான். வெளிச்சம் சன்னலிலிருந்து வருவதுபோல் மங்கலாக, ஓரங்கள் கரைந்து, பழைய எண்ணெய் ஓவியம் மாதிரி இருக்கும். பிளேபாயின் பெண் பக்கத்து வீட்டிலிருந்து வந்து சிரித்தாள். பென்ட்ஹவுஸின் பெண் சிரிக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டில் எழுபதுகளின் அழகு பாதி அடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட பாணிக்குச் சிறிய கேமரா தோதானது. மேலே சொன்ன அதே கூர்மை ஆழம் 35 மி.மீ.-இல் எஃப் 4-ஐ ஒட்டியே கிடைத்துவிடும். ஐம்பது மடங்குக்கு மேல் ஒளி மிச்சம். ஏ.எஸ்.ஏ. 160 வேகமுள்ள ஹை ஸ்பீட் எக்டாக்ரோம் போட்டால், அதே சன்னல் வெளிச்சத்தில் ஐம்பதில் ஒரு நொடி போதும். எதிலும் சாய வேண்டாம், மூச்சு விடலாம், தலையைக் கோதலாம், நடக்கலாம். ஒரு சுருளில் 36 படம் என்பதால் நூறு எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மணிமணியான தோற்றம் அந்த மென்மையோடு ஒட்டிப்போனதால் குறையாகத் தெரியவில்லை.

மென்மை தரும் உத்திகளைப் பற்றி நிறையத் தவறான பேச்சு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாசலினை லென்ஸின் மேல் தடவக்கூடாது. லென்ஸின் பூச்சு பாழாகும். நிறமற்ற ஃபில்டர் ஒன்றை மாட்டி, அதன் ஓரங்களில் மிக மெல்லிய படலமாகத் தடவி, நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு துடைத்துவிட வேண்டும். விரலை எந்தத் திசையில் இழுக்கிறோமோ அதற்குக் குறுக்கே ஒளி இழுபடும். பெண்களின் நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டுவது இன்னொரு வழி. வெளிர் நிறத் துணி ஒளியைச் சிதறடித்து நிழல்களையும் வெளுக்க வைக்கும். கறுப்புத் துணி நிழலைக் காப்பாற்றும். மூன்றாவது, லென்ஸின் மேல் ஊதுவது. மூச்சின் பனி சில நொடிகளே நிற்கும், அதற்குள் எடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி: துளை திறந்திருக்க வேண்டும். எஃப் 11-க்கு மூடினால் ஓரத்து வாசலின் வேலையே செய்யாது. நைலானின் கண்ணிகள் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். பின்வெளிச்சம் இல்லாவிட்டால் மென்மை வெறும் மங்கலாக நிற்கும். கூந்தல் ஓரத்தில் ஒளி பட்டால்தான் அது கசிந்து ஒளிவட்டம் ஆகும். சிலைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் கூடினால் பாலில் விழுந்தாற்போல் வெளுத்துப்போகும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

உடலுக்கு இது என்ன செய்தது? ஏர்பிரஷ் தோலைத் துடைத்தாலும் வடிவத்தைக் கூராக்கியது. மென்மை வடிவத்தையும் கரைத்துவிட்டது. இறுகிய கச்சை தந்த கூம்பு மார்பும் வெட்டினாற்போன்ற இடையும் இந்த ஒளியில் எடுபடவில்லை. மெலிந்த, நீண்ட, எலும்பு லேசாகத் தெரியும் உடல்கள் எடுபட்டன. நிழல் தங்குவதற்குக் காறை எலும்பும் இடுப்பெலும்பும் தேவைப்பட்டன.

பிளேபாய் சும்மா இருக்கவில்லை. பென்ட்ஹவுஸ் 1970-இல் அந்தரங்க முடியை மறைக்காமல் அச்சிட்டது. பிளேபாயின் 1971 ஜனவரி நடுப்பக்கத்தில் லிவ் லிண்டலாண்ட் படத்தில் அது வெளிப்படையாகத் தெரிந்தது. 1972 ஜனவரியில் லண்டனிலிருந்து வந்த மர்லின் கோல் நேர்முகமாக நின்றார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பியூனிக் போர்களின் பெயரைத் திருகி, பிளேபாயை நிறுவிய ஹியூ ஹெஃப்னர் இதற்கு ‘பியூபிக் வார்ஸ்’ (அந்தரங்க முடிப் போர்கள்) என்று ஒரு கேலிப்பெயர் வைத்தார். 1974-இல் லாரி ஃபிளிண்ட்டின் ‘ஹஸ்லர்’ வந்து இரண்டையும் தாண்டிப் போனது. பிளேபாயின் 1975 நவம்பர் அட்டைப்படத்துக்கு விளம்பரதாரர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஹெஃப்னர் பின்வாங்கினார். பம்பாயில் 1973-இல் தொடங்கிய ‘டெபொனேர்’ பிளேபாயின் அச்சில் வார்த்த இதழ்தான்.

இந்தப் போட்டியில் கவனிக்காமல் விடப்பட்ட விஷயம் நிற்கும் விதம். மறைக்க வேண்டியிருந்தவரை உடலைத் திருப்பியாக வேண்டும். இடுப்பைக் கேமராவுக்கு 45 டிகிரி திருப்பி, எடையைப் பின்காலில் போட்டு, முன்முழங்காலை மடக்கி, தோளை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் இடை முறுக்கிக்கொண்டு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நம் கோயில் சிற்பியின் திரிபங்கமும் இதே கணக்கை அறிந்ததுதான். மறைக்கத் தேவையில்லை என்றானதும் உடல் நேராக நின்றது. நேராக நின்றதும் இடை அகன்றது. அதாவது பெண்களின் உடல் மாறுவதற்கு முன்பே படத்தில் உருவம் குழல்போல ஆகத் தொடங்கிவிட்டது. லீனாவின் படம் முதுகு காட்டி நிற்கும் படம். அதனால் பழைய முறுக்கு அதில் இன்னும் மிச்சமிருக்கிறது.

அளவுகளுக்கு வருகிறேன். 36-24-36 என்பது நம்மூர்ப் பத்திரிகைகள் வரை வந்த எண். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தேவேந்திர சிங் 1993-இல் நடுப்பக்கப் பெண்களின் அளவுகளையும் அழகுப் போட்டி வென்றவர்களின் அளவுகளையும் வைத்து, இடைக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் 0.7-ஐ ஒட்டியே மாறாமல் இருந்தது என்று எழுதினார். 2002-இல் வந்த மறுஆய்வு அந்த மாறாமை தரவில் இல்லை என்றது. அதே ஆண்டு ஃபொராசெக், ஃபிஷர் இருவரும் 1953 டிசம்பர் முதல் 2001 டிசம்பர் வரையிலான 577 பிளேபாய் இதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். மார்பும் இடுப்பும் குறைந்தன, இடை கூடியது, உயரத்துக்கேற்ற எடை குறைந்தது. 1980-இலேயே கார்னர் குழுவினர் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை வைத்து எடைக்குறைவைச் சொல்லிவிட்டார்கள். அதே காலத்தில் இளம் அமெரிக்கப் பெண்களின் சராசரி எடை கூடிக்கொண்டிருந்தது.

மெலிவின் போக்கை நம்பலாம். தனித்தனி எண்களை நம்பக்கூடாது. அவை இதழில் அச்சிட்ட எண்கள். இடுப்பு 35 அங்குலம், இடை 24 என்றால் விகிதம் 0.686. நாடா ஒரு அங்குலம் இறுகி 23 என்றால் 0.657, தளர்ந்து 25 என்றால் 0.714. இடையின் மிக ஒடுங்கிய இடத்தில் அளந்தார்களா, தொப்புளில் அளந்தார்களா, மூச்சை வெளியே விட்டபின் அளந்தார்களா என்பதிலேயே அந்த ஒரு அங்குலம் போய்விடும். ‘துடியிடை’ என்று பாடிய நம் கவிகள் உடுக்கையின் நடுவைக் காட்டினார்களே தவிர நாடா வைத்து எண் சொல்லவில்லை. எண்ணாகச் சொன்ன பிறகுதான் அதைத் துரத்தும் வேலை ஆரம்பமானது. கண்ணாடி முன் நாடாவோடு நின்ற பெண்களை நினைத்தால் இந்தத் தசமத் துல்லியத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

தோலின் நிறம் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1965 மார்ச்சில் ஜெனிஃபர் ஜாக்சன் நடுப்பக்கத்தில் வந்த முதல் கறுப்பினப் பெண். 1971 அக்டோபரில் டேரின் ஸ்டெர்ன் பிளேபாய் அட்டையில் தனியாக இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். கதவு திறந்தது, ஆனால் ஃபிலிமும் ஆய்வகமும் வெளிர் தோலுக்கே சரிசெய்யப்பட்டிருந்தன. கோடாக்கின் சோதனை அட்டைகளில் வெள்ளைப் பெண்ணின் முகம்தான் அளவுகோல். மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் அந்த நிறங்களின்மேல் கவனம் வந்தது. மனிதர்களின் நிறத்துக்காக வந்திருக்க வேண்டிய கவனம் அது.

நம் நிறத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறை இது. விழும் ஒளியை அளக்கும் மீட்டர் காட்டியபடி எடுத்தால் வெளிர் தோல் மீட்டரின் அளவுகோலான நடுச்சாம்பல் நிறத்தைவிட ஒரு ஸ்டாப் மேலே விழும், கரிய தோல் ஒன்று ஒன்றரை ஸ்டாப் கீழே. சிலைடு ஃபிலிமில் அது நிழலின் ஓரம். அச்சுக்குப் போகும்போது இன்னும் கீழிறங்கி மையில் மூழ்கும். அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதைவிட முக்கியம், விளக்கின் அளவு. கரிய தோலுக்கு வடிவம் தருவது அதன் மேல் தெரியும் பிரதிபலிப்பு. சிறிய விளக்கு வைத்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெறிக்கும். அகலமான வெள்ளைத் திரையைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னம் முழுவதும் ஒரு மெருகு ஓடும். வெளிர் தோலுக்கு அமைத்த விளக்குகளை மாற்றாமல் வேறொருவரை அங்கே நிறுத்திவிட்டு, படம் சரியாக வரவில்லை என்று அவர் முகத்தின்மேல் பழி போட்டது எத்தனை இடங்களில் நடந்திருக்கும்.

உடைகளும் கூந்தலும் மாறியது கண்ணுக்கு எளிதில் தெரிகிற மாற்றம், அதனால் சுருக்கமாக. அறுபதுகளில் கச்சையின் எலாஸ்டிக் தோலில் பதித்த தடம் மறையவே அரை மணிக்கு மேலாகும். படப்பிடிப்புக்குத் தொளதொளவென்ற உடையில் வரச்சொல்வது அதனால்தான். கச்சை போனதும் அந்தத் தடமும் போனது. அதன் இடத்தில் பிகினி விட்ட வெள்ளைத் தடம் வந்தது. முன்பு ஏர்பிரஷ் துடைத்திருக்கும் அதை எழுபதுகளில் அப்படியே விட்டார்கள். வெயிலில் இருந்த உடல் என்பதற்கு அது சான்று. பின்சீவித் தூக்கிய கொண்டை போய், நடுவகிடு எடுத்த நீள் கூந்தல் வந்தது.

பிறகு இறகுபோல் அடுக்கிய கூந்தல். 1976-இல் ஃபாரா ஃபாசெட்டின் சிவப்பு நீச்சலுடைச் சுவரொட்டி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எடுத்தவர் புரூஸ் மெக்பிரூம். இடம் ஃபாராவின் வீடு. பின்திரை மெக்பிரூமின் காரில் கிடந்த கம்பளி விரிப்பு. கூந்தலும் ஒப்பனையும் ஃபாராவே செய்துகொண்டது. வயிற்றில் சிறுவயதுத் தழும்பு இருந்ததால் இரட்டைத் துண்டு பிகினியை விட்டு ஒற்றைத் துண்டு உடையைத் தேர்ந்தார். விளக்கு வரிசை, அரங்கம், திருத்தக்காரர் எதுவும் தேவைப்படாத அழகு என்று காட்டிய படம் இது; பல்வரிசை தெரியச் சிரிக்கும் முகம். ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ நீச்சலுடை இதழைப் பார்த்துக்கொண்ட ஜூல் கேம்பல், ஃபேஷன் இதழ்களின் ஒல்லிக்குச்சிகளை விட்டு உடற்கட்டுள்ள பெண்களைத் தேடினார். படத்தோடு அவர்கள் பெயரையும் அச்சிட்டார். பெயர் அச்சானதும் மாடல் ஊதியம் பேசும் நிலைக்கு வந்தார். 1978-இல் வலை நீச்சலுடையில் செரில் டீக்ஸ் வந்தபோது பெயரும் முகமும் சேர்ந்தே பேசப்பட்டன.

ஆண்களும் தப்பவில்லை. 1972 ஏப்ரல் ‘காஸ்மோபாலிட்டன்’ நடுப்பக்கத்தில் பர்ட் ரெனால்ட்ஸ் கரடித்தோலின் மேல் மார்மயிரும் மீசையுமாகப் படுத்தார். அடுத்த ஆண்டு ‘பிளேகேர்ள்’ வந்தது.

பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத்து இதழ் எதுவும், சோப்பு விளம்பரம் உள்ள குடும்பப் பத்திரிகையானாலும், கையில் கிடைத்தால் பத்து மடங்கு லூப் (சிறிய உருப்பெருக்கி) வைத்துக் கண்ணின் கருமணியைப் பாருங்கள். வட்டமான வெள்ளைப் புள்ளி என்றால் குடைவிளக்கு. குறுக்குச் சட்டத்தோடு நீள்சதுரம் என்றால் சன்னல், அல்லது சன்னல்போல் செய்த திரை. மூன்று நான்கு புள்ளி இருந்தால் அரங்கம். 1976-இல் பிளேபாயில் சேர்ந்த ஆர்னி ஃபிரேடாக் ஒரே படத்துக்கு டஜன் கணக்கில் விளக்கு வைத்தவர். ஒரே ஒரு புள்ளி, அதுவும் கச்சிதமாக நடுவில் இருந்தால் திருத்தக்காரர் மற்றவற்றை அழித்திருக்கலாம். பிறகு லூப்பைக் கழுத்துக்கு நகர்த்துங்கள். தாடையின் நிழல் கத்திவிளிம்பாக விழுகிறதா, கரைகிறதா? கடைசியாக, தோல் முடிந்து பின்னணி தொடங்கும் ஓரம். ஏர்பிரஷ் பட்ட இடத்தில் மைப்புள்ளிகள் ஒரே சீராக இறங்கும். கேமரா பார்த்ததை அப்படியே விட்ட இடத்தில் ஒரு மயிர், ஒரு மரு, ஒரு சுருக்கம் அந்தச் சீரைக் குலைத்திருக்கும்.